விளைச்சலுக்கு வரி இல்லை, இடுபொருளுக்கு உண்டு

சேலம் அம்மாபேட்டை உழவர் சந்தையில் ஒரு கூடை தக்காளியைக் கொண்டுவந்து விற்கும் விவசாயி, அந்த விற்பனைக்காக அரசுக்கு ஒரு பைசாகூட வரி கட்டுவதில்லை. தக்காளி, கத்தரி, வெண்டை, கீரை, பால், முட்டை ஆகியவற்றுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. இதனால் "விவசாயிக்கு ஏது வரி?" என்று பலரும் கேட்கிறார்கள். விவசாயிகளில் பலரும் அப்படியே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அதே தக்காளிக்கு அடித்த பூச்சி மருந்துக்கு நூற்றுக்கு 18 ரூபாய், போட்ட யூரியாவுக்கு நூற்றுக்கு 5 ரூபாய், கிணற்றில் இறக்கிய மோட்டார் பம்புக்கு நூற்றுக்கு 18 ரூபாய் என்று அவர் ஏற்கெனவே கொடுத்திருக்கிறார். அந்தப் பணம் அவருக்குத் திரும்ப வருவதில்லை. ஏன் வருவதில்லை, வேறு நாடுகளில் இதற்கு என்ன ஏற்பாடு செய்திருக்கிறார்கள், நம் ஊரில் விவசாயி இப்போது என்ன செய்துகொள்ளலாம் என்பதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

விற்பனை வரிக்கும் நம் மாவட்டத்துக்கும் பழைய தொடர்பு உண்டு. 1937 அக்டோபர் 1-ஆம் தேதி ராஜாஜியின் அமைச்சரவை மதுவிலக்கை முதன்முதலில் சேலம் மாவட்டத்தில்தான் கொண்டுவந்தது. கள்ளு, சாராய வருமானம் போனதால் ஏற்பட்ட பள்ளத்தை நிரப்ப, 1939-இல் சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரி வந்தது. பிறகு 1959-இல் புதிய விற்பனை வரிச் சட்டம், 2007 ஜனவரி 1 முதல் மதிப்புக் கூட்டு வரி, 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. டீசலும் பெட்ரோலும் ஜி.எஸ்.டி.க்குள் வரவில்லை. அவற்றுக்கு இன்றும் மாநிலத்தின் மதிப்புக் கூட்டு வரியும், அதோடு மத்திய கலால் வரியும் நடைமுறையில் உள்ளன.

மதிப்புக் கூட்டு வரி என்பதன் உட்பொருளைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. அம்மாபேட்டையில் தறி ஓட்டும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் 1,000 ரூபாய்க்கு நூல் வாங்கும்போது 5 சதவீத வரியாக 50 ரூபாய் கொடுக்கிறார். துணியை 1,600 ரூபாய்க்கு விற்கும்போது 80 ரூபாய் வரி வாங்குகிறார். அரசுக்கு 80 ரூபாயையும் கட்டத் தேவையில்லை. நூலுக்குக் கொடுத்த 50 ரூபாயைக் கழித்துக்கொண்டு 30 ரூபாய் கட்டினால் போதும். ஜவுளிக் கடைக்காரர் அதே துணியை 2,000 ரூபாய்க்கு விற்று 100 ரூபாய் வரி வாங்குகிறார். தாம் கொடுத்த 80-ஐக் கழித்துக்கொண்டு 20 ரூபாய் கட்டுகிறார். நூலுக்குக் கட்டிய 50, துணியில் 30, கடையில் 20. ஆக 100. இந்த நூறு ரூபாயும் கடைசியில் துணியை வாங்கி உடுத்துபவர் கையிலிருந்துதான் போகிறது. நடுவில் இருக்கும் யாருக்கும் வரி சுமையாக நிற்பதில்லை. முன்பு கொடுத்ததை இவ்வாறு கழித்துக்கொள்வதையே உள்ளீட்டு வரி வரவு என்கிறார்கள்.

இப்போது விவசாயியிடம் வருவோம். அவர் பூச்சி மருந்துக்கு 180 ரூபாய் வரி கொடுத்தார் என்று வையுங்கள். தக்காளிக்கு வரி இல்லாததால், விற்கும்போது அவர் வாங்கும் வரி என்று ஒன்றும் இல்லை. கழிப்பதற்கு எதிர்த்தொகை இல்லாதபோது எதில் கழிப்பது? ஆகவே அந்த 180 ரூபாய் சாகுபடிச் செலவோடு சேர்ந்துவிடுகிறது. தறிக்காரருக்குத் திரும்பி வரும் பணம், துணி வாங்குகிறவருக்குத் திரும்பாதது போலவே, விவசாயிக்கும் திரும்புவதில்லை. பொருளை உற்பத்தி செய்கிறவர் அவர். ஆனால் வரிச் சட்டத்தின் கண்ணில் அவர் பூச்சி மருந்தை வாங்கித் தீர்த்துவிட்ட நுகர்வோர்.

"அப்படியானால் நானும் ஜி.எஸ்.டி. எண் வாங்கிவிட்டால் என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். பயன் இல்லை. வரி விலக்குப் பெற்ற பொருளை விற்பதற்காக வாங்கிய இடுபொருளின் வரியைக் கழிக்கச் சட்டம் இடம் தருவதில்லை. வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்கிறவரின் நிலை வேறு. அவருடைய சரக்கு பூஜ்ய வரிச் சரக்கு. விற்பனையில் வரி இல்லை, ஆனால் வாங்கியபோது கொடுத்த வரியைத் திரும்பப் பெறலாம். வரி விலக்கு வேறு, பூஜ்ய வரி வேறு. பெயரில் ஒன்றுபோலத் தோன்றினாலும் பையில் சேரும் பணத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. விவசாயிக்குக் கிடைத்திருப்பது முதல் வகை.

அந்த வித்தியாசம் எவ்வளவு? ஒரு கணக்குக்காக, ஒரு வருடத்தில் வரி சேர்க்காத விலையில் பூச்சி மருந்து 15,000 ரூபாய்க்கும், உரம் 12,000 ரூபாய்க்கும், பி.வி.சி. குழாயும் மோட்டார் உதிரிபாகங்களும் 8,000 ரூபாய்க்கும் வாங்கும் ஒரு காய்கறி விவசாயியை எடுத்துக்கொள்வோம். மருந்துக்கு வரி 2,700 ரூபாய். உரத்துக்கு 600. குழாய், உதிரிபாகங்களுக்கு 1,440. மொத்தம் 4,740 ரூபாய். உழவு டிராக்டர் குடித்த டீசலில் உள்ள வரி இதில் சேரவில்லை. அது மணிக்கு இவ்வளவு என்று டிராக்டர்காரர் வாங்கும் வாடகையிலேயே அடங்கியிருக்கிறது. மத்திய அரசு பி.எம். கிசான் திட்டத்தில் மூன்று தவணையாக வருடத்துக்குத் தரும் 6,000 ரூபாயோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு கையில் கொடுத்ததன் பெரும்பகுதி மறு கையால் போய்விடுகிறது. உங்கள் கணக்கு இதைவிடக் கூடலாம், குறையலாம். ரசீதுகளை எடுத்து வைத்துக் கூட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். உரத்தில் விவசாயிக்கு அடி அதிகமில்லை. 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. இதில் வரி 12 ரூபாய்க்குச் சற்றுக் கூடுதல்தான். அந்த மூட்டைக்கு அரசு கொடுக்கும் மானியம் இதைப்போலப் பல மடங்கு. வலி இருப்பது பூச்சி மருந்திலும், பம்பிலும், குழாயிலும், டீசலிலும்.

அயல்நாட்டு ஏற்பாடு

ஐரோப்பிய நாடுகள் இந்தச் சிக்கலை அரை நூற்றாண்டுக்கு முன்பே சந்தித்தன. சிறு விவசாயியைக் கணக்குப் புத்தகம் வைத்துக்கொள்ளச் சொல்வதும் கடினம், இடுபொருள் வரியை அவர் தலையில் விட்டுவிடுவதும் நியாயமில்லை என்று கருதி, 1977-ஆம் ஆண்டின் பொது வரி விதியிலேயே ஒரு வழி செய்தார்கள். வரிப் பதிவு செய்யாத விவசாயி தம் விளைபொருளை விற்கும்போது, வாங்கும் நிறுவனம் விலைக்கு மேல் ஒரு நிலையான சதவீதத்தை ஈட்டுத்தொகையாகச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். விவசாயி அதைத் தாமே வைத்துக்கொள்வார். கொடுத்த நிறுவனம் அந்தத் தொகையைத் தன் வரியில் கழித்துக்கொள்ளும். விவசாயிக்குக் கணக்கும் இல்லை, அலுவலகத்துக்கு நடையும் இல்லை.

அயர்லாந்தில் இந்த விகிதத்தை வருடந்தோறும் திருத்துகிறார்கள். 2023-இல் 5 சதவீதம், 2024-இல் 4.8, 2025-இல் 5.1 என்று இருந்தது. பால் பண்ணை நிறுவனம் விவசாயிக்கு 1,000 கொடுக்க வேண்டிய இடத்தில் 2025-இல் 1,051 கொடுத்தது. போலந்தில் 7 சதவீதம். அங்கே ரசீதை எழுதுவதுகூட விவசாயியின் வேலை இல்லை. வாங்குகிறவரே எழுதி, பணத்தை விவசாயியின் வங்கிக் கணக்கில் போட வேண்டும். ஜெர்மனியில் விகிதம் 10.7 என்று அதிகமாக இருந்தது. விவசாயிகள் உண்மையில் கொடுக்கும் வரியைவிட இது கூடுதல் என்று ஐரோப்பிய ஆணையம் ஆட்சேபித்தது. 2022-இல் 9.5 ஆகவும், 2023-இல் 9 ஆகவும், 2025-இல் 7.8 ஆகவும் குறைத்தார்கள். பெரும் பண்ணைகளுக்கு அந்தச் சலுகையே இல்லை என்றும் ஆக்கினார்கள். ஈட்டுத்தொகை என்ற பெயரில் மானியம் கொடுப்பதும் தவறு என்பது அங்குள்ள விதி.

இங்கே அது நடக்குமா? சட்டத்தின் அச்சு ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது என்பது என் கருத்து. பருத்தியைப் பாருங்கள். 2017 நவம்பர் 15 முதல், விவசாயியிடம் பருத்தி வாங்கும் பதிவு பெற்ற வியாபாரியே அதற்கான 5 சதவீத வரியை அரசுக்குக் கட்ட வேண்டும், பிறகு தன் விற்பனை வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று விதி உள்ளது. விவசாயியிடம் வாங்குகிறவர் பொறுப்பில் வரியைக் கையாளும் முறை அது. அதே வழியில் வரியை அரசுக்குப் பதில் விவசாயிக்குக் கொடு என்றால் ஐரோப்பிய ஏற்பாடு வந்துவிடும். சேலம், நாமக்கல் பகுதியில் இதற்கு மிகப் பொருத்தமானது மரவள்ளிக்கிழங்கு. பச்சைக் கிழங்குக்கு வரி இல்லை. ஆலையில் அது ஜவ்வரிசியாக மாறியதும் 5 சதவீத வரி உண்டு. ஒரு லட்ச ரூபாய்க்குக் கிழங்கு வாங்கும் ஆலை, விகிதம் 3 சதவீதம் என்று வைத்தால், விவசாயிக்கு 3,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து, அதை ஜவ்வரிசி வரியில் கழித்துக்கொள்ளலாம்.

பாலில் இது அவ்வளவு எளிதல்ல. பாக்கெட் பாலுக்கும் வரி விலக்குதான். ஆகவே பால் சங்கம் விவசாயிக்கு ஈட்டுத்தொகை கொடுத்தால் அதைக் கழிக்க அதற்கு நெய், வெண்ணெய் விற்பனையின் வரி மட்டுமே உண்டு. உழவர் சந்தையில் விற்கும் காய்கறி விவசாயிக்கோ இந்த ஏற்பாடு எட்டவே எட்டாது. அவரிடம் வாங்குவது வீட்டுக்காரர்கள். அவர்கள் எதில் கழிப்பார்கள்? அயர்லாந்திலும் வரிப் பதிவு பெற்றவர் வாங்கினால்தான் இந்தத் தொகை கிடைக்கும். இதனால் ஆலைக்குக் கொடுக்கும் விவசாயிக்கு ஐரோப்பிய முறையும், சந்தையில் விற்கும் சிறு விவசாயிக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று நேரடித் தொகையும் என இரண்டு வழியாகச் செய்தால்தான் சரியாக இருக்கும்.

இன்னொரு சந்தேகமும் எனக்கு உண்டு. மரவள்ளியை நம் ஆலைகள் மாவுச் சத்தின் பாயிண்ட் பார்த்து விலை போடுகின்றன என்பது யாவரும் அறிந்ததே. மேலே 3 ரூபாய் கொடுத்துவிட்டு, பாயிண்டில் அரைப் புள்ளியைக் குறைத்தால் கதை முடிந்தது. ஆகவே எந்த ஏற்பாடு வந்தாலும், விலை ஒரு வரியிலும் ஈட்டுத்தொகை வேறொரு வரியிலுமாக ரசீதில் தனித்தனியே காட்டப்பட வேண்டும், பாயிண்ட் அளவு விவசாயியின் கண் முன்னே நடக்க வேண்டும்.

வரியைத் திருப்பித் தரும் வழக்கம் தமிழ்நாட்டில் அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. கடலில் மீன்பிடிக்கும் விசைப்படகுகளுக்கு அரசு விற்பனை வரி விலக்குடன் டீசல் வழங்கிவருகிறது. உழவு டிராக்டருக்கு அப்படி ஒன்று இல்லை. 2022 டிசம்பர் 19-ஆம் தேதி தில்லி ராம்லீலா மைதானத்தில் விவசாயிகள் திரண்டபோது, இடுபொருள்கள் மீதான ஜி.எஸ்.டி.யை நீக்க வேண்டும் என்பது அவர்களின் முக்கியக் கோரிக்கைகளில் ஒன்றாக இருந்தது.

நீக்குவது மட்டும் போதுமா என்பதையும் யோசிக்க வேண்டும். பூச்சி மருந்துக்கு முழு வரி விலக்குக் கொடுத்தால், மருந்துக் கம்பெனி தன் மூலப்பொருளுக்கும் டப்பாவுக்கும் கொடுத்த வரியைக் கழிக்க முடியாமல் போகும். அது விலையில் ஏறி மறுபடியும் விவசாயியிடமே வரும். விகிதத்தைக் குறைத்து வைப்பதோ, கொடுத்ததைத் திருப்பித் தருவதோ விலக்கைவிட மேலானது. விவசாயச் சங்கங்கள் மனு எழுதும்போது இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்.

2025-இல் குறைந்தவை

ஜி.எஸ்.டி. கவுன்சில் 2025 செப்டம்பர் 3-ஆம் தேதி எடுத்த முடிவுப்படி, செப்டம்பர் 22 முதல் பல பொருள்களின் வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. டிராக்டர், நிலத்தைப் பண்படுத்தும் கருவிகள், அறுவடை இயந்திரம், சொட்டு நீர் மற்றும் தெளிப்பு நீர்ப் பாசனக் கருவிகள், விசைத் தெளிப்பான், கோழிப்பண்ணை இயந்திரங்கள், நுண்ணூட்டச் சத்துகள் ஆகியன இதில் அடங்கும். டிராக்டர் டயர், டியூபுக்கு 18-லிருந்து 5 ஆகக் குறைந்தது. வரி நீங்கலாக 8 லட்ச ரூபாய் விலையுள்ள டிராக்டருக்கு முன்பு 96,000 ரூபாய் வரி, இப்போது 40,000 ரூபாய். 50,000 ரூபாய் சொட்டு நீர்க் கருவிக்கு முன்பு 6,000, இப்போது 2,500. மண்வெட்டி, ஏர் போன்ற கையாலும் மாட்டாலும் இயங்கும் கருவிகளுக்கு முன்பிருந்தே வரி இல்லை.

குறையாதது எது என்றும் பார்க்க வேண்டும். ரசாயனப் பூச்சி மருந்து 18 சதவீதத்திலேயே நிற்கிறது. மின் மோட்டார் பம்புக்கு 2022 ஜூலையில் 12-லிருந்து 18 ஆக ஏற்றினார்கள். 2025-இல் கைப்பம்புக்குக் குறைத்தார்களே தவிர இதைத் தொடவில்லை. தண்ணீர் ஆயிரம் அடிக்குக் கீழே போய்விட்ட நம் மேட்டு நிலங்களில் கைப்பம்பை வைத்து என்ன செய்வது?

உயிரியல் மருந்துகளில் நல்ல செய்தி உண்டு. டிரைக்கோடெர்மா விரிடி, சூடோமோனாஸ், பவேரியா, வேப்பம் பூச்சிக்கொல்லி முதலியவற்றின் வரி 12-லிருந்து 5 ஆகிவிட்டது. வேரழுகலுக்கும் நாற்றழுகலுக்கும் ரசாயன மருந்து வாங்கி 18 சதவீதம் கொடுப்பதற்குப் பதில், விதை நேர்த்தியிலேயே டிரைக்கோடெர்மா விரிடியைக் கிலோ விதைக்கு 4 கிராம் கலந்துவிட்டால் வரியும் குறையும், மருந்தும் குறையும். மரவள்ளி மாவுப்பூச்சிக்கு இன்னும் நல்ல உதாரணம் இருக்கிறது. 2020-இல் இப்பூச்சி நம் பகுதியில் பரவியபோது பலர் மருந்துக்கு மேல் மருந்தாக அடித்துப் பார்த்தார்கள். அனகைரஸ் லோபெசி என்ற சிறு ஒட்டுண்ணிக் குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்துப் பெருக்கி, 2022-இல் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விவசாயிகளுக்கு வழங்கினார்கள். அது நிலைத்த வயலில் ரசாயன மருந்து அடித்தால் குளவியும் சாகும், 18 சதவீதமும் போகும். இத்தகைய முறைகளின் விவரங்களை ஏத்தாப்பூரிலும், சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்திலும் கேட்டறியலாம்.

கவனிக்க வேண்டிய சில இடங்கள்

சட்டப்படி "விவசாயி" என்பவர் தனிநபராகவோ இந்துக் கூட்டுக் குடும்பமாகவோ இருந்து, தம் உழைப்பாலோ, குடும்பத்தார் உழைப்பாலோ, தம் மேற்பார்வையில் கூலியாட்களைக் கொண்டோ நிலத்தில் சாகுபடி செய்பவர். நிலம் சொந்தமாக இருக்க வேண்டும் என்று அதில் இல்லை. ஆகவே குத்தகைக்காரரும் விவசாயியே. தம் நிலத்து விளைச்சலை விற்கும் அளவுக்கு அவர் ஜி.எஸ்.டி. பதிவு செய்யத் தேவையில்லை. யாராவது "நம்பர் இல்லாமல் சரக்கு எடுக்க முடியாது" என்று சொல்லி விலையைக் குறைத்தால் ஏமாற வேண்டாம்.

பருத்தி விற்கிறவர்கள் இன்னொன்றை மனத்தில் கொள்ள வேண்டும். கொங்கணாபுரம் ஏலமானாலும், வீட்டுக்கு வந்து எடுக்கும் வியாபாரியானாலும், 5 சதவீத வரி வாங்குகிறவர் பொறுப்பு. அதை உங்கள் தொகையிலிருந்து பிடித்தால், எந்த விதிப்படி பிடிக்கிறீர்கள் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் நிலை வேறு. உறுப்பினர் எல்லோரும் விவசாயிகளாக இருந்தாலும், கம்பெனி தனிநபர் அல்ல; அதற்கு விவசாயி என்ற விலக்குக் கிடையாது. பச்சைக் காய்கறியும் கிழங்கும் மட்டும் விற்றால் கவலை இல்லை. உரக்கடை, மருந்துக்கடை வைத்தாலோ, கடலை எண்ணெய் ஆட்டி விற்றாலோ, ஆண்டு விற்பனை 40 லட்ச ரூபாயைத் தாண்டும்போது பதிவு கட்டாயம். இந்த 40 லட்சத்தில் வரியில்லாத பொருள்களின் விற்பனையும் சேர்த்தே கணக்கிடப்படும். பல நிறுவனங்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். பதிவு செய்த பிறகு ஒரு லாபமும் உண்டு. எண்ணெய் செக்கு, டப்பா, லேபிள் ஆகியவற்றுக்குக் கொடுத்த வரியை எண்ணெய் வரியில் கழிக்கலாம். உறுப்பினர்கள் தங்கள் வயலுக்கு வாங்கிய மருந்தின் வரி மட்டும் அதிலும் திரும்பாது.

வெல்லம் காய்ச்சுபவர்களுக்கு ஒரு சொல். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பொட்டலம் கட்டி விவரச்சீட்டு ஒட்டிய வெல்லத்துக்கு 5 சதவீத வரி உண்டு. சேலம் மண்டிக்கு 30 கிலோ சிப்பமாகப் போகும் வெல்லத்துக்கு இல்லை. அரைக் கிலோ, ஒரு கிலோ என்று பெயர் அச்சடித்து விற்கத் திட்டமிடுகிறவர்கள் முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ரசீது விஷயம். மருந்துக் கடையில் துண்டுச்சீட்டு வாங்கிக்கொண்டு போகிற பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. மருந்தின் பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி, வரி விகிதம், வரித்தொகை எல்லாம் தனித்தனியே எழுதிய ரசீதைக் கேட்டு வாங்க வேண்டும். 5 சதவீதத்துக்குரிய உயிரியல் மருந்துக்கு 12 என்றோ 18 என்றோ போட்டிருந்தால் உடனே திருத்தச் சொல்லலாம். மருந்து போலியாக இருந்து பயிர் கெட்டாலும் வேளாண் அலுவலரிடமோ நுகர்வோர் மன்றத்திலோ காட்ட அந்த ரசீதுதான் சான்று. ஒரு வருட ரசீதுகளை ஓர் ஆணியில் குத்தி வைத்து, தை மாதத்தில் வரித் தொகையை மட்டும் கூட்டி, கிராம சபையிலும் மாவட்ட ஆட்சியரின் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் எழுத்து மூலம் கொடுங்கள். ஏக்கருக்கு எவ்வளவு வரி போகிறது என்பதற்கு ஒவ்வொரு ஊரிலும் இருபது முப்பது பேரின் கணக்கு கையில் இருந்தால், ஈட்டுத்தொகை விகிதம் பற்றிப் பேச அதுவே ஆதாரமாகும். அயர்லாந்தில் வருடந்தோறும் விகிதத்தைத் திருத்துவதும் விவசாயிகள் கொடுத்த வரியைக் கணக்கிட்டுப் பார்த்துத்தான்.